ஓர்வியேத்தோவுக்கு வழி

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஷார்ஜாவில் நான் இருக்கும் ரோலாவிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் ஒரு மாலுக்குப் போனேன். வாங்குவதற்கு எதுவும் இல்லை. தனியாக இருக்கிற ஆள் வெள்ளிக்கிழமை சாயங்காலத்தை எங்காவது கொண்டுபோய்க் கழித்துவிட்டு வர வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். வசந்தி அவள் அம்மாவைப் பார்த்துக்கொள்ளத் திருச்சிக்குப் போய் இரண்டு வருஷமாகிறது. மகள் டொரண்டோவில். எனக்கு இன்னும் ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல் சர்வீஸ் இருக்கிறது.

அந்த மாலின் பார்க்கிங் கட்டடம் புதிது. கார் ஏறுவதற்கு ஒரு சுற்றுப்பாதை, இறங்குவதற்கு இன்னொன்று. இரண்டும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு மேலே போகின்றன. நடுவில் விட்டிருக்கும் திறப்புகள் வழியாக இறங்குகிற காரின் வெளிச்சம் தெரியும், ஆனால் அந்தக் கார் நமக்கு எதிரே வராது. மூன்றாவது சுற்றில் என்னையறியாமல் பிரேக்கை மிதித்து, "கோவேறு கழுதை" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பின்னால் வந்தவர் ஹார்ன் அடித்தார். அவர் காதில் விழுந்து, அவருக்குத் தமிழும் தெரிந்திருந்தால், தன்னைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்திருப்பார். இல்லை ஐயா, நான் சொன்னது நிஜமான கோவேறு கழுதைகளை.

இத்தாலியில் ஓர்வியேத்தோ என்று ஒரு ஊர் இருக்கிறது. சமவெளிக்கு நடுவில் மேஜை போல நிற்கும் ஒரு பாறை, அதன் மேல் ஊர். அங்கே ஒரு கிணறு. அதை நான் கண்ணால் பார்ப்பதற்கு வெகுகாலம் முன்பே அதில் எத்தனை படி என்று எனக்குத் தெரியும். இருநூற்று நாற்பத்தெட்டு. இறங்குவதற்கு ஒரு இருநூற்று நாற்பத்தெட்டு, ஏறுவதற்கு வேறொரு இருநூற்று நாற்பத்தெட்டு. தண்ணீர் சுமக்கும் கோவேறு கழுதைகள் குறுகலான படியில் ஒன்றையொன்று மறித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக இரண்டு சுழல்படிகள். ஒன்றில் இறங்கி, அடியில் ஒரு சின்னப் பாலத்தைத் தாண்டி, மற்றதில் ஏறிவிட வேண்டும். கிணற்றுச் சுவர் நெடுக ஜன்னல்கள். இறங்குகிற கழுதை ஏறுகிற கழுதையைப் பார்க்கலாம், பக்கத்தில் போக முடியாது.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் ப்ரூனோ. சொன்ன இடம் ருவைஸ்.

அபுதாபியிலிருந்து மேற்கே மூன்று மணி நேரம் போனால் ருவைஸ். நான் போய்ச் சேர்ந்த காலத்தில் அங்கே சுத்திகரிப்பு ஆலை, ஆலையை விரிவாக்குகிற சைட், சைட்டில் வேலை செய்கிறவர்களுக்குக் கேம்ப், அப்புறம் கடல். கடல் என்றால் மெரினாவை நினைத்துக்கொள்ளாதீர்கள். அலை இல்லாத, வெந்நீர் மாதிரியான கடல். காற்று திரும்பினால் கந்தக வாசனை வரும். முதல் வாரம் மூக்கைப் பொத்திக்கொண்டு திரிந்தேன். மூன்றாவது மாதம் லீவில் ஊருக்குப் போனவன் ஒருவன் திரும்பி வந்து, "ஊர்ல காத்துல ஒண்ணுமே இல்லப்பா, சப்புனு இருக்கு" என்றான். எனக்கும் அது புரிந்தது.

என் வேலை, டிராயிங்குகளைப் பதிந்து வைப்பது. புது டிராயிங் வந்தால் பழையதில் 'ரத்து' என்று சிவப்பு முத்திரை குத்தி மூலையில் போட வேண்டும். டிப்ளமா படித்தவன்தான் என்றாலும் ப்ரூனோ என்னை முதல் நாளிலிருந்தே "இஞ்ஜெஞ்யேரே" என்றுதான் கூப்பிட்டார். அவர்கள் பாஷையில் இன்ஜினியர். கேலியா மரியாதையா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. இருந்தாலும் வசந்திக்கு எழுதிய கடிதத்தில், 'இங்கே இத்தாலிக்காரரே என்னை இன்ஜினியர் என்கிறார்' என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன்.

அவர் பைப்லைன் சோதனை அதிகாரி. ஐம்பத்தைந்து வயது இருக்கும். குள்ளம், கனத்த விரல்கள், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட கண்ணாடி. லிபியா, சவுதியில் யான்பு, ருவைஸ் என்று இருபது வருஷத்துக்கு மேல் பாலைவனத்திலேயே இருந்தவர். அவரும் நானும் வேலை பார்த்தது ஒரே போர்ட்டா கேபினில். அவர் பேசியது அரைகுறை இங்கிலீஷ், கொஞ்சம் அரபு, கொஞ்சம் இந்தி, மிச்சத்துக்குக் கைகள். அந்தக் கலவையை அப்படியே எழுதினால் உங்களுக்குப் புரியாது, எனக்கும் எழுத வராது. அதனால் அவரைத் தமிழிலேயே பேசவிடுகிறேன்.

மதியம் பன்னிரண்டுக்கு சைரன் ஊதும். ப்ரூனோ எட்டு மூலை வைத்த ஓர் அலுமினியக் காபிப் பாத்திரத்தை மின்சார அடுப்பில் வைப்பார். அது கொதிக்கும்போது கரகரவென்று தொண்டையைச் செருமுவது போல ஒரு சத்தம் வரும். அந்தக் காபி நம் காபி இல்லை. கஷாயம். முதல் தடவை மரியாதைக்காகக் குடித்துவிட்டு மூன்று நாள் வயிறு எரிந்தது. ஆனால் அந்த வாசனை வந்தாலே ப்ரூனோவின் ஊர் திறக்கப் போகிறது என்று அர்த்தம்.

"இஞ்ஜெஞ்யேரே, இந்த சைரன் இருக்கே, இத மொதல்ல கண்டுபுடிச்சது எங்க ஊருதான்" என்று ஒருநாள் ஆரம்பித்தார். அவர்கள் ஊர்ப் பேராலயத்தைக் கட்ட முந்நூறு வருஷம் ஆனதாம். தகப்பன் வைத்த கல்லின் மேல் மகன் கல் வைத்து, அதன் மேல் பேரன் வைத்து. பக்கச் சுவர்கள் கறுப்புக் கல் ஒரு வரிசை, வெள்ளைக் கல் ஒரு வரிசையாகப் பட்டை பட்டையாக இருக்குமாம். கொத்தனார்கள் எப்போது வேலைக்கு வந்தார்கள், எப்போது கிளம்பினார்கள் என்று கணக்கு வைக்க முடியாமல், சதுக்கத்தின் மூலையில் ஒரு கோபுரம் கட்டி, அதன் உச்சியில் வெண்கலத்தில் ஒரு மனிதனைச் செய்து நிறுத்தினார்கள். மணிக்கொரு தடவை அவன் சுத்தியலால் மணியை அடிப்பான். "டியூட்டி ஆரம்பம், டியூட்டி கலாஸ். அவனுக்கு மட்டும் லீவு கெடையாது. அறுநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் அடிச்சிட்டிருக்கான்" என்றார்.

பேராலயத்தின் முகப்பு மேற்கே பார்த்தது. சாயங்கால வெயில் பட்டால் தங்கப் பூச்சு முழுக்கப் பற்றிக்கொள்ளும். ஊருக்குக் கீழே, பாறைக்குள், நூற்றுக்கணக்கான குகைகள். சிலவற்றில் சுவர் நிறையச் சின்னச் சின்ன மாடங்கள், புறா வளர்ப்பதற்கு. வளர்ப்பது எதற்கு என்று கேட்டேன். "சாப்பிடத்தான், வேற எதுக்கு?" என்றார். பாறையின் அடிவாரத்தில் ரோமாபுரிக்கும் முந்திய காலத்து மக்கள் தங்கள் இறந்தவர்களை வைத்த கல்லறைகள். கல்லறை என்று குவியலாக இல்லை. நேர்த்தெரு, குறுக்குத்தெரு, இரண்டு பக்கமும் கல்வீடு, ஒவ்வொரு வாசலுக்கு மேலும் குடும்பத்தின் பெயர். அதைச் சொன்ன அன்று ஜன்னல் வழியாக எங்கள் கேம்பைக் காட்டினார். வரிசை வரிசையாகக் கேபின்கள்.

"பாரு, அதே பிளான்தான். ஒரே வித்தியாசம், நமக்குப் பேர் போடல. நம்பர்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சாயங்காலம் என் கேபின் கதவில் 'பி-47' என்பதைப் பார்த்தபோது வரவில்லை.

அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு, ரத்தான டிராயிங் ஒன்றின் பின்பக்கம் நான் ஓர்வியேத்தோவை வரைய ஆரம்பித்தேன். பெரிய தாள், சுத்தமான வெள்ளை, வீணாய்ப் போகிறதே என்று ஒரு சாக்கு. உண்மையான காரணம், சாயங்காலம் ஆறிலிருந்து படுக்கும்வரை எனக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. கல்யாணமாகி ஏழாவது மாதம் விமானம் ஏறியவன். மகள் பிறந்த செய்தி ஃபேக்ஸில் வந்தது. கேம்பின் இரண்டு போன் பெட்டிகளிலும் வரிசை நிற்கும். நின்று, கிடைத்து, மூன்று நிமிஷம் 'நல்லா இருக்கேன், நீ?' என்று பேசிவிட்டு வைத்தால் முன்பைவிட வெறிச்சென்று இருக்கும். அதற்குப் பதில் ஒரு தெருவை வரையலாம். மறுநாள் மதியம் ப்ரூனோ சிவப்புப் பேனாவால் திருத்துவார். "இந்தச் சந்து இங்க திரும்பாது. உயரமான கோபுரம் வந்தப்புறம்தான் திரும்பும். மறுபடி போடு." சைட் டிராயிங்கில் கூட அவர் அத்தனை தப்புப் பிடித்ததில்லை.

படுக்கிற கேபினில் என்னோடு இருந்தவர் முத்தையா அண்ணன். சிவகங்கைப் பக்கத்துக்காரர், சாரம் கட்டும் ஆட்களுக்கு ஃபோர்மேன். கட்டிலில் சாய்ந்துகொண்டு நான் வரைவதைப் பார்ப்பார்.

"என்ன தம்பி, இன்னைக்கு எந்தத் தெரு?"

"கோயில் தெரு அண்ணே."

"எல்லாத் தெருவும் சொல்றாரே, அந்தாளு வீடு எதுல இருக்கு?"

அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. மறுநாள் கேட்டேன். ப்ரூனோ வாயில் சோம்பை மென்றுகொண்டிருந்தார். முத்தையா அண்ணன் கொடுத்த சோம்பு. தங்கள் ஊர் வரப்பெல்லாம் இந்த வாசனைதான் என்று சொல்லி ப்ரூனோ தினமும் ஒரு பிடி வாங்கிக்கொள்வார். என் கேள்விக்கு, "வீடா, மாஃபி" என்றார். இல்லை என்று. அப்புறம் கிணற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

அதே மாதத்தில்தான் முதல் போன் வந்தது. வேலை பார்க்கிற கேபினில் இருந்த ஒரே போன் என் மேஜையில். ஒரு பெண் குரல், நல்ல இங்கிலீஷ். "நான் பாவ்லா. என் அப்பா ப்ரூனோவோட பேசணும்."

நான் நிமிர்ந்தேன். ப்ரூனோ அடுப்புக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். பெயர் காதில் விழுந்திருக்க வேண்டும். கையைப் பக்கவாட்டில் ஆட்டினார். நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இத்தனை வருஷத்தில் பல தடவை யோசித்திருக்கிறேன். அன்று யோசிக்கவில்லை. "அவர் சைட்ல இருக்கார் மேடம்" என்றேன்.

அவருக்கு மகள் இருப்பது எனக்கு அப்போதுதான் தெரியும். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அன்றைக்குக் கிணற்றின் ஜன்னல்கள் எழுபத்திரண்டு என்று மட்டும் தெரிந்துகொண்டேன்.

பத்து நாள் கழித்து மறுபடி. "அம்மாவ ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம்னு சொல்லுங்க. என்னைக் கூப்பிடச் சொல்லுங்க." இந்தத் தடவையும் அவர் பக்கத்திலேயே இருந்தார், இந்தத் தடவையும் நான் சைட் என்றேன். போனை வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் போயி என்ன பண்ணுவேன்? எனக்கு பைப் தெரியும். ஒடம்பு முடியாதவங்ககிட்ட என்ன பேசணும்னு தெரியாது. ரெண்டு வருஷம்னு சொல்லிட்டு வந்தேன். அவளுக்கு அப்ப ஒம்பது வயசு." அவள் என்றது பாவ்லாவை. "ஒவ்வொரு தடவ லீவுல போறப்பவும் வீட்டுல என்னை விருந்தாளி மாதிரி உக்கார வெச்சாங்க. அப்புறம் நான் போறத நிறுத்திட்டேன்."

முத்தையா அண்ணனிடம் அன்று சாயங்காலம் சொன்னேன். அவர் திட்டவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பொய் சொல்றதுக்கு நீ எதுக்குய்யா போன எடுக்குற? அவரு சொல்லட்டும்" என்றார்.

மூன்றாவது போன் ஒரு வியாழக்கிழமை, பதினொரு மணி சுமாருக்கு. அப்போதெல்லாம் அங்கே வியாழன் அரைநாள், வெள்ளி விடுமுறை. பாவ்லா அப்பாவைக் கேட்கவே இல்லை. "தயவுசெஞ்சு எழுதிக்கோங்க" என்றாள். போனில் வரும் செய்தியைக் குறிக்கும் தாளை எடுத்தேன். அழைத்தவர், நேரம், செய்தி என்று கட்டம் போட்டது. அவள் ஒவ்வொரு சொல்லாக, சின்ன வகுப்புக்குச் சொல்லி எழுதவைப்பது போல, உரக்கச் சொன்னாள். அம்மா இன்று விடியற்காலை இறந்துவிட்டார். அடக்கம் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. நான் எழுதினேன். அரைநாள் என்பதால் காபி முன்கூட்டியே ஏறியிருந்த அடுப்புக்கு எதிரே ப்ரூனோ முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். "நன்றி. நீங்க எப்பவும் மரியாதையாப் பேசுறீங்க" என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

தாளை நீட்டினேன். வாங்கிப் படித்தார். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஒரு மணிக்கு அலுவலகம் மூடினால் சனிக்கிழமைதான் திறக்கும். பாஸ்போர்ட் எல்லாம் அலுவலகத்தில்தான் இருக்கும். லீவு விண்ணப்பத்தை நானே டைப் அடித்தேன். இரண்டு தடவை தப்பாக அடித்து மூன்றாவது சரியாக வந்தது. ஓட்டமாக ஓடி நிர்வாக அதிகாரியிடம் நீட்டினேன். அவர் நல்ல மனிதர்தான். படித்துவிட்டு, "நான் ரெடி. ஆனா ஆள் கையெழுத்து வேணுமே" என்றார்.

ஆள் எங்கே? முத்தையா அண்ணனின் சாரம்கட்டிகள் சைட் முழுக்க உயரத்தில் நிற்பவர்கள். அண்ணன் கீழிருந்து வாயில் கைவைத்துக் கூவினார். மேலிருந்து ஒருவன் கையைக் காட்டினான். பைப் தாங்கிகளின் நிழலில், தரையில், ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு ப்ரூனோ உட்கார்ந்திருந்தார். அண்ணன் பிக்கப்பைக் கொண்டுபோய் அவர் காலடியில் நிறுத்தினார்.

"ப்ரூனோ பாய், கர் ஜாவோ" என்றார். வீட்டுக்குப் போங்க.

ப்ரூனோ அசையவில்லை. அண்ணன் இறங்கிப் போய் அவர் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார். "எங்கப்பா செத்தப்ப நான் யான்புல இருந்தேன்" என்று இந்தியில் தொடர்ந்தார். "லீவு கேக்கவே இல்ல. கேட்டா இல்லேன்னுருவாங்கன்னு நெனச்சேன். இப்ப வரைக்கும், கேட்டிருந்தா குடுத்திருப்பாங்களோன்னுதான் பாய் தோணுது." ஒரே அறையில் இரண்டு வருஷம் படுத்தவன் நான். எனக்கே அது தெரியாது.

பன்னிரண்டே முக்காலுக்கு நிர்வாக அதிகாரி முன்னால் ப்ரூனோ பேனாவைப் பிடித்தார். சிவப்புப் பேனாவால் என் தெருக்களையெல்லாம் அடித்த கை, தன் பெயரைப் போட வெகுநேரம் எடுத்துக்கொண்டது. உடுப்பு மாற்றக்கூட நிற்கவில்லை. பிக்கப்பின் முன் இருக்கையில் மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு அபுதாபிக்குக் கிளம்பினோம்.

பாதி வழி தாண்டியது. அப்புறம் ப்ரூனோ தானாக ஆரம்பித்தார். அவர்கள் ஊருக்குக் கீழேயிருந்து ஏற கயிற்றால் இழுக்கும் ரயில் ஒன்று இருக்கிறதாம். ஒரு பெட்டி இறங்கும்போது மற்றது ஏறும். பழைய காலத்தில் மோட்டார் கிடையாது. மேலே நிற்கும் பெட்டியில் தண்ணீரை நிரப்புவார்கள். அது கனத்தில் இறங்கும், இறங்குகிற கனம் அடுத்ததை மேலே தூக்கும். முத்தையா அண்ணன் சாலையைப் பார்த்துக்கொண்டே, "அச்சா" என்றார்.

விமான நிலைய வாசலில் அண்ணனின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"அந்தக் காபிப் பாத்திரத்த அடுப்புலேர்ந்து எடுத்தியா?"

"எடுத்துட்டேன்" என்றேன். எடுக்கவில்லை. சனிக்கிழமை பார்த்தபோது அடி கரிந்து கேபின் முழுக்கத் தீய்ந்த வாசனை. யாரோ புண்ணியவான் மின்சாரத்தை அணைத்திருந்தார்.

ப்ரூனோ திரும்பி வரவில்லை. ஒன்றரை மாதம் கழித்து ராஜினாமா ஃபேக்ஸில் வந்தது, இரண்டு வரி. அவர் சாமான்களை நான்தான் ஒரு பெட்டியில் கட்டினேன். மூன்று சட்டை, ஒரு ரேடியோ, கரிந்த பாத்திரம். ஓர்வியேத்தோ வரைபடத்தையும் சுருட்டி அதற்குள்ளேயே வைத்து, தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். அவர் அடக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தாரா என்று தெரியவில்லை. அடுத்த வருஷம் எனக்கு ஷார்ஜாவில் வேறு வேலை கிடைத்தது. வசந்தியும் மகளும் வந்தார்கள். முத்தையா அண்ணன் ஊரோடு போனார். நம்பர் மாறி, தொடர்பு விட்டுப்போனது. வாழ்க்கை ரோலாவின் பஸ் சத்தத்தோடு ஓடிவிட்டது.

ஆறு வருஷம் முன்பு வசந்தி, "எல்லாரும் யூரோப் போறாங்க, நாமளும் போவோமே" என்றாள். ரோம், வெனிஸ் என்று பட்டியலில் இருந்தவற்றுக்கு நடுவில் நான் ஓர்வியேத்தோவையும் நுழைத்தேன். "அது என்ன ஊரு, யாரும் சொல்லலையே" என்றாள். கயிற்று ரயிலில் ஏறி உச்சியில் இறங்கியதும் அவள் போனை எடுத்து வழி பார்க்க ஆரம்பித்தாள். "வேணாம், வா" என்றேன். உயரமான கோபுரம் வந்தது. அதற்கப்புறம்தான் சந்து திரும்பியது. வசந்தி என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

கிணற்றில் நான் முதலில் இறங்கிவிட்டேன். முழங்கால் வலிக்கிறது என்று அவள் பின்தங்கினாள். அடியில் பாலத்தைத் தாண்டி மற்ற சுழல்படியில் ஏற ஆரம்பித்தபோது, ஒரு ஜன்னலுக்கு எதிர் ஜன்னலில், சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் இறங்குவது தெரிந்தது. கையை ஆட்டினேன். அவள் படியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சதுக்கத்தின் மூலையில் வெண்கல மனிதன் நின்றான். ப்ரூனோ சொன்னதை வைத்து நான் நினைத்திருந்ததைவிடச் சின்னவன். அந்தக் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு காபிக் கடை. பணப்பையில் ஒரு பழைய சைட் புகைப்படம் வைத்திருந்தேன், ஹெல்மெட் போட்ட பதினெட்டுப் பேர். கடைக்காரக் கிழவரிடம் நீட்டி ப்ரூனோவின் முகத்தில் விரலை வைத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிப் பார்த்துவிட்டு, சீட்டாடிக்கொண்டிருந்த இரண்டு பேரிடம் காட்டினார். "ருவாய்ஸ்" என்றார் ஒருவர். "ப்ரூனோ ருவாய்ஸ்" என்றார் மற்றவர். ஊரில் அவருக்கு அதுதான் பெயர் என்பது எனக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. கடைக்காரர் யாருக்கோ போன் செய்தார்.

கையில் காய்கறிப் பையோடு பாவ்லா வந்தாள். ஐம்பது வயதுக்காரி, பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் ஆசிரியை, அப்பாவின் அதே கனத்த விரல்கள். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மதிலோரம் ஒரு சந்து. என் வரைபடத்தில் அந்த இடத்தில் நான் மரங்கள் போட்டிருந்தேன். ப்ரூனோ அவற்றைத் திருத்தியதில்லை.

அவர் இரண்டு வருஷம் முன்பு காலமாகிவிட்டார் என்று சமையலறை மேஜையில் உட்கார்ந்ததும் சொன்னாள். அப்புறம், "போன் எடுத்தது நீங்களா?" என்று கேட்டாள்.

"மூணு தடவையும் நான்தான். அவர் பக்கத்துலதான் நின்னுட்டிருந்தார். சைட்ல இருக்கார்னு பொய் சொன்னேன்." எத்தனையோ வருஷமாக மனதில் எழுதி எழுதிப் பார்த்த மன்னிப்பு இவ்வளவு சிறியதாக வந்து விழுந்தது.

"தெரியும்" என்றாள். "நீங்க பேசறப்ப பின்னாடி காபி கொதிக்கிற சத்தம் கேக்கும். இங்க எல்லார் வீட்டுலயும் இருக்கிற பாத்திரம்தான் அது. பாலைவனத்துல அத வேற யாரு வெச்சிருப்பாங்க? அதனாலதான் கடைசித் தடவ அவ்வளவு சத்தமா, மெதுவாச் சொன்னேன். உங்களுக்கில்ல."

ப்ரூனோ அடக்கத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார். சைட் உடுப்பும் இரும்பு முனை வைத்த பூட்ஸுமாக ஆலயத்தின் கடைசி வரிசையில் நின்றாராம். ஒரு மாதம் இவள் அவரோடு பேசவில்லை. வீட்டின் பின்னறையில் இருந்துகொண்டு குழாய்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரிசெய்தார். அப்புறம் பேச ஆரம்பித்தார்கள்.

"என்ன பேசினார்?" என்றேன்.

"ருவைஸ். எப்பவும் ருவைஸ்தான். அம்மாவப் பத்தி ஏதாவது சொல்வார்னு காத்திட்டிருப்பேன். அவர், மெஸ்ஸுல வெள்ளிக்கிழமை பிரியாணின்னு ஆரம்பிப்பார். உயரத்துல நடக்குற ஆளுங்க, சோம்பு குடுத்த முத்தையா, கந்தக வாசனை. கடைக்காரர், சீட்டாடறவங்க, எல்லாரும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாங்க."

அவர் ருவைஸில் பேசியதெல்லாம் இந்த ஊரைப் பற்றித்தான் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. "எங்கிட்ட ஒரு தடவகூட இந்த ஊரப் பத்திச் சொன்னதில்ல" என்றாள். ஆகவே நான் சொன்னேன். லீவே இல்லாத வெண்கல மனிதன், புறா மாடங்கள், தண்ணீரின் கனத்தில் ஏறிய ரயில். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு, திருச்சிக்காரன் நான் அவள் ஊரைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். வரைபடத்தோடு நான் அனுப்பிய பெட்டி வந்ததா என்று கேட்டேன். எந்தப் பெட்டியும் வரவில்லை என்றாள்.

பதிலுக்கு அவள் ருவைஸைச் சொன்னாள். அவர் கேபினிலிருந்து கடலுக்குப் போகும் வழியை. நான் இடையில் புகுந்து, "மெஸ் தாண்டி நேரா" என்றேன். "இல்ல, மெஸ் தாண்டி தண்ணி டேங்க், அங்க இடது பக்கம் திரும்பணும்" என்றாள். யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி.

திரும்பும்போது கயிற்று ரயிலில் வசந்தி, "இந்தப் போன் கதை, முத்தையா அண்ணன், ஒண்ணுமே நீங்க எங்கிட்ட சொன்னதில்லையே" என்றாள். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சும்மா கேட்டாள்.

கிளம்பும்போது பாவ்லா ஒன்று கேட்டிருந்தாள். அந்தக் கேம்பின் படம் ஒன்று வேண்டும், அவர் கேபின் இருந்த இடமாவது. அனுப்புகிறேன் என்றேன். அப்புறம் அந்தப் பக்கம் போக வேலையே வரவில்லை. போன குளிர்காலத்தில்தான் ஒரு டெண்டர் விஷயமாக ருவைஸ் போனேன். ஊர் வளர்ந்துவிட்டது. பள்ளிக்கூடம், பூங்கா, குடும்பங்கள், ஐஸ்கிரீம் கடை. குழந்தைகள் இங்கிலீஷில் கத்திக்கொண்டு சைக்கிள் ஓட்டுகிறார்கள். பழைய சாலையில் காரை விட்டு, கேம்ப் இருந்த திசையில் போனேன். போன் பெட்டி இல்லை, மெஸ் இல்லை, பி-47 இல்லை. முள்வேலிக்கு உள்ளே வெள்ளையாக எண்ணெய்த் தொட்டிகள் வரிசையாக நின்றன. எந்தத் தொட்டிக்கு அடியில் எங்கள் கேபின் என்று கணக்குப் போடக் கடலைத் தேடினேன். கடலையும் தூர்த்து எங்கோ தள்ளிவிட்டிருந்தார்கள்.

படம் எடுக்கக் கூடாது என்று பலகை இருந்தது. இறங்கி நின்று பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நேபாளிக் காவலர் ஒருவர் வந்தார்.

"க்யா ஹை, சாப்?" என்ன விஷயம் என்று கேட்டார்.

"இங்க ஒரு கேம்ப் இருந்துச்சு" என்று இந்தியில் சொன்னேன். "நான் இருந்திருக்கேன். ஆயிரம் பேருக்கு மேல இருந்தோம்."

அவர் தொட்டிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகத்தில் பரிவு இருந்தது.

"கேம்ப் மாஃபி, சாப். நான் ஏழு வருஷமா இங்கதான் டியூட்டி. எப்பவும் டேங்க்தான்."